விரைவு வாயிலில் உள்ளது

பேருந்து என்பது தமிழர் ஆக்கிக்கொண்ட நல்ல சொற்களுள் ஒன்று. பெருமையைக் குறிக்கும் அடையும் உந்துதலைக் குறிக்கும் வினையும் இணைந்து பிறந்த அச்சொல், ஊர்தியின் பருமையையும் அதன் தொழிலையும் ஒருசேரக் காட்டுகின்றது. ஆயினும், அச்சொல்லின் பிற்பகுதியாகிய உந்து என்பதிலேயே ஆள்வோர் எண்ணமும் அலுவலர் எண்ணமும் தங்கிவிட்டன போலும்! புதிதாக ஒரு பேருந்து தெருவுக்கு வந்தால், அதன் பொறிக்கு எத்தனை குதிரைத் திறன், அது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், அதன் விலை எத்தனை இலக்கம் என்றே கேட்கின்றனர். அதற்கு வாயில்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம், அதன் தளம் நிலத்தினின்று எவ்வளவு உயரம், அது சென்று நிற்கும் மேடை எவ்வளவு உயரம் என்று கேட்பவர் மிகச் சிலர். கேளாமல் விட்டதன் விளைவைப் படிக்கட்டில் தொங்குபவரும், படியேற மாட்டாமல் நின்றுவிடுபவரும் நாள்தோறும் நுகர்கின்றனர்.

விரைவுப் பேருந்துத் தடம் என்று இன்று உலக நகரங்களில் பேசப்படும் அமைப்பு, இக்கேள்விகளுக்கு விடையாக வளர்ந்ததாகும். பேருந்துக்கென்றே ஒதுக்கிய தடம்; அத்தடத்தின்மேல் அமைந்த நிலையம்; ஏறுமுன் நிலையத்திலேயே வாங்கும் சீட்டு; நிலைய மேடையும் ஊர்தித் தளமும் ஒரே மட்டத்தில் நிற்க, அகன்ற பல வாயில்களின் வழியே ஒரே வேளையில் ஏற்றமும் இறக்கமும் — இந்நான்கும் கூடியதே அவ்வமைப்பு. தண்டவாளமும் சுரங்கமும் இன்றி, அவற்றுக்காகும் செலவில் ஒரு சிறு பகுதியைக் கொண்டே நகரத் தொடர்வண்டியின் பணியைப் பேருந்து செய்வதற்கு இந்நான்குமே துணை. இவற்றுள் தடத்தைப் பற்றியே ஊரெங்கும் பூசல் எழுகின்றது. மகிழுந்துக்காரரின் இடத்தைப் பறிப்பதா என்று ஒருசாரார் சினக்கின்றனர். சாலையில் தூண் நடுவதா, கோடு போடுவதா என்று மற்றொருசாரார் சொற்போர் புரிகின்றனர். அத்தடத்தில் ஓடப்போகும் ஊர்தியைப் பற்றியோ பேச்சே எழுவதில்லை. தடம் புதிதாகவும் ஊர்தி பழையதாகவும் இருப்பின், அது புதுவாய்க்கால் வெட்டி அதன் வாயில் பழைய அடைப்பையே வைத்தது போலாகும்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு பேருந்து இருபது நிறுத்தங்களில் நின்று செல்கின்றது என்றும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருபது பேர் ஏறுகின்றனர் என்றும் கொள்க. மூன்று படியேறி, ஒரே வாயிலில் முண்டியடித்து, கையில் பையும் தோளில் குழந்தையுமாக ஓர் ஆள் உள்ளே நுழைவதற்கு மூன்று நொடி ஆகுமென வைத்துக்கொண்டால், ஒரு நிறுத்தத்திற்கு அறுபது நொடி. இருபது நிறுத்தங்களுக்கு இருபது மணித்துளி. இனி, அதே ஊர்திக்கு நான்கு வாயில்கள் இருந்து, படியே இல்லாமல் மேடையினின்று நேரே உள்ளே காலெடுத்து வைக்க முடிந்து, ஓர் ஆளுக்கு ஒரு நொடி போதுமாயின், ஒரு வாயிலுக்கு ஐவர், ஐந்து நொடி. இருபது நிறுத்தங்களுக்கும் சேர்த்து நூறு நொடி. அதாவது இரண்டு மணித்துளிக்கும் குறைவு. கதவால் மட்டும் மிச்சமான நேரம் பதினெட்டு மணித்துளி!

இதே பேருந்தின் விரைவைப் பொறியைக் கொண்டு கூட்ட முயன்றால் என்ன கிடைக்கும்? நிறுத்தத்திற்கு நிறுத்தம் அரைக் கிலோமீட்டர் எனக் கொள்க. மணிக்கு 40 கி.மீ. விரைவில் அத்தொலைவைக் கடக்க 45 நொடி. மணிக்கு 60 கி.மீ. விரைவில் 30 நொடி. புறப்பட்டு விரைவெடுக்கவும் தடுத்து நிற்கவும் ஆகும் நேரத்தை முற்றும் மறந்துவிட்டாலும், இருபது இடைவெளிகளில் மிச்சமாவது ஐந்து மணித்துளியே. அவ்வைந்துக்காக எரியும் எரிபொருள் மிகுதி. தேயும் தடுப்புக்கட்டை மிகுதி. சாலையில் நடப்போருக்கு நேரும் இடர் அதனினும் மிகுதி. கதவு தரும் பதினெட்டு மணித்துளிக்கோ ஒரு துளி எரிபொருளும் கூடுதலாக வேண்டா. ஆகலின், பேருந்தின் விரைவு பொறியில் இல்லை, வாயிலில் உள்ளது.

இக்கணக்கின் பயன் பயணியரோடும் நின்றுவிடுவதன்று. ஒருமணி நேரம் ஆன ஒரு நடை நாற்பத்திரண்டு மணித்துளியில் முடியுமாயின், பத்துப் பேருந்துகள் செய்த வேலையை ஏழு பேருந்துகள் செய்துவிடும். எஞ்சிய மூன்றும் அதே வழியில் ஓடினால், அடுத்த பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரம் குறையும், நெரிசலும் தளரும். புதிய பேருந்து வாங்கப் பணமில்லை என்று கை விரிக்கும் கழகங்கள், தம் கதவுகளுக்குள்ளேயே பல பேருந்துகள் அடைபட்டுக் கிடப்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வுண்மையை முதன்முதல் தெருவில் நாட்டிக் காட்டிய ஊர், தென்னமெரிக்காவில் பிரேசில் நாட்டின் தெற்கே உள்ள குரிட்டிபா என்னும் நகரம். கட்டடக் கலைஞராகிய சைமே இலெர்னர் 1971ஆம் ஆண்டு அந்நகரின் தலைவரானார். நிலத்தடித் தொடர்வண்டி அமைப்பதற்கு வேண்டிய பெரும்பொருள் அந்நகரிடம் இல்லை. இல்லையென்று அந்நகரம் அழவில்லை. இருக்கும் பொருளுக்குள் என்ன செய்யலாம் என்று எண்ணியது. 1974ஆம் ஆண்டில் பெருஞ்சாலைகளின் நடுவே பேருந்துக்கெனத் தனித்தடம் திறக்கப்பட்டது. ஆயின், தடம் திறந்த அன்றே எல்லாம் முடிந்துவிடவில்லை. மக்கள் பெருகப் பெருக, நிறுத்தங்களில் படியேறுவதிலும் உள்ளே சென்று பணங்கொடுப்பதிலும் நேரம் கரைந்தது. தனித்தடத்தில் விரைந்து வந்த பேருந்து, நிறுத்தத்தில் வந்து தேங்கி நின்றது.

இதற்கு அந்நகரத்தார் கண்ட தீர்வு, பொறியை மாற்றுவதன்று; நிறுத்தத்தை மாற்றுவது. 1991ஆம் ஆண்டில் கண்ணாடியாலான குழாய் போன்ற நிலையங்களைத் தெருவில் நிறுவினர். குழாயின் ஒரு தலைப்பில் பணங்கொடுத்து உள்ளே நுழைந்துவிட்டால், பயணியர் நிற்கும் தளம் பேருந்தின் தளத்தோடு ஒரே உயரத்தில் இருக்கும். பேருந்து வந்து நின்றதும், அதன் கதவுகள் திறப்பதோடு ஒவ்வொரு வாயிலினின்றும் ஒரு பலகை மடிப்பவிழ்ந்து மேடையின்மேல் படியும். ஊர்திக்கும் மேடைக்கும் இடையிலுள்ள இடைவெளியை அப்பலகை மூடிவிடுவதால், கால் இடறுவதற்கும் இடமில்லை; ஓட்டுநர் இம்மியும் பிசகாமல் மேடையை ஒட்டி நிறுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. சக்கர நாற்காலியில் வருவோரைத் தெருவினின்று குழாயின் தளத்திற்கு உயர்த்தச் சிறு தூக்கிகளும் வைக்கப்பட்டன. கூனிய பாட்டியும், சூலுற்ற பெண்ணும், சக்கர நாற்காலியில் இருப்பவரும், ஓடிவரும் இளைஞனும் ஒரே வாயிலில், ஒரே விரைவில் ஏறினர்.

அடுத்த ஆண்டே, 1992இல், அந்நகரம் முப்பகுதிப் பேருந்தைத் தடத்தில் விட்டது. இரண்டு மூட்டுகளால் பிணைக்கப்பட்ட மூன்று உடல்கள். 25 மீட்டர் நீளம். 270 பேரைச் சுமக்கும் கொள்ளளவு. ஐந்து அகன்ற வாயில்கள். பாம்பு போல் வளைந்து திரும்பும் அவ்வூர்தியைக் கண்டு வியந்தோர், அதன் நீளத்தையே வியந்தனர். உண்மையில் வியத்தற்குரியது அந்நீளத்திற்கு ஏற்ற வாயில்கள் இருந்தமையே. நீளம் கூட்டியவர்கள் வாயிலைக் கூட்டாதிருந்தால், அது பெரிய வயிறும் சிறிய வாயும் உடைய பூதமாகத் தெருவில் கிடந்திருக்கும். சென்னைத் தெருக்களிலும் முன்னர் இருவுடல் இணைப்புப் பேருந்துகள் ஓடியதுண்டு. அவற்றின் நீளம் கூடிற்று. ஆனால் படியும், உள்ளே சீட்டுக் கொடுக்கும் முறையும், நிறுத்தமும் பழையனவாகவே இருந்தன. தடமும் மேடையும் இல்லாத தெருவில் அந்நீளம் திரும்புவதற்குச் சுமையாயிற்றேயன்றி, ஏறுவதற்குத் துணையாகவில்லை.

குரிட்டிபாவைப் பார்த்துக் கற்ற நகரங்களுள் பெரியது கொலம்பியா நாட்டின் தலைநகராகிய பொகோத்தா. 2000ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் அங்கே தடம் திறக்கப்பட்டது. அந்நாட்டில் ஊர்திகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவன. ஆகலின் பேருந்துகளுக்கு வலப்பக்கத்திலேயே வாயில் இருப்பது வழக்கம். ஆனால் அந்நகரத்தார் நிலையங்களைச் சாலையின் நட்டநடுவே அமைத்து, இருதிசைப் பேருந்துகளுக்கும் ஒரே மேடை என வகுத்தனர். அதற்கேற்ப, தடத்துப் பேருந்துகளுக்கு இடப்பக்கத்தில் நான்கு வாயில்கள் வைத்தனர். 18 மீட்டர் நீளமும் 160 பேர் கொள்ளளவும் உள்ள அவ்வூர்தி, அத்தடத்திற்கென்றே பிறந்தது; அத்தடமும் அவ்வூர்திக்கென்றே பிறந்தது. பிந்திய ஆண்டுகளில் அங்கும் நெரிசல் பெருகி மக்கள் வெறுப்புற்றமை உண்மையே. அதற்குக் கரணியம் கதவின் குறையன்று. நிற்பவர் ஒரு சதுர மீட்டருக்கு ஆறு ஏழு பேர் என்னும் கணக்கின்மீது கொள்ளளவைக் கட்டினால், தாளில் 160 பேரும் அடங்குவர். தெருவிலோ மூச்சுத் திணறும். கொள்ளளவு என்னும் எண்ணைக் கேட்போர், அவ்வெண்ணுக்குள் ஒருவருக்கு எத்துணை இடம் என்பதையும் கேட்டல் வேண்டும்.

கதவைப் பொருட்படுத்தாமல் விட்ட நகரங்களின் கதையும் அறியத்தக்கது. இந்தோனேசியத் தலைநகராகிய சகார்த்தாவில் 2004ஆம் ஆண்டு தனித்தடம் திறக்கப்பட்டது. மேடைகள் 110 செ.மீ. உயரம், சீட்டு நிலையத்திலேயே, தடமும் சாலையின் நடுவே நன்கு பிரிக்கப்பட்டது. எல்லாம் இருந்தும், முதலில் வாங்கிய பேருந்துகளுக்கு மேடைப் பக்கத்தில் ஒரே ஒரு வாயில்தான். இறங்குபவர் இறங்கி முடிக்கும்வரை ஏறுபவர் நிற்க, பின்னால் வந்த பேருந்துகள் வரிசையில் தேங்கின. தடத்தின் திறன் அவ்வொற்றை வாயிலில் சிக்கிக்கொண்டது. ஊர்தி வாங்கிய பின்னர் கதவை வெட்ட முடியாதன்றோ! பிந்தி வாங்கிய பேருந்துகளில்தான் அந்நகரம் அப்பிழையைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது.

துருக்கியின் இசுதான்புல் நகரத்திலோ வேறொரு விந்தை. 2007ஆம் ஆண்டு அங்குத் திறக்கப்பட்ட தடத்தில், நெடுஞ்சாலையின் நடுவே இருதிசைக்கும் பொதுவான மேடை அமைந்தது. ஓட்டுவதற்குக் கிடைத்தவையோ வலப்பக்கம் மட்டும் வாயிலுள்ள பேருந்துகள். வாயில் மேடைப் பக்கம் வரவேண்டுமாயின் என் செய்வது? நாடெங்கும் ஊர்திகள் வலப்பக்கம் ஓட, அத்தடத்தில் மட்டும் பேருந்துகளை இடப்பக்கமாக ஓடவிட்டனர்! கதவு இருக்கும் பக்கத்திற்கேற்பச் சாலைவிதியே தலைகீழாகத் திரும்பியது. வாயில் சிறு உறுப்பன்று, அது தடத்தையே திருப்ப வல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறு வேண்டுமோ? அத்தடத்துக்கெனப் பின்னர் அயல்நாட்டிலிருந்து மிக்க விலை கொடுத்து வாங்கிய புதுவகை நெடும்பேருந்துகள் அந்நகரின் மேடுகளில் திணறின. அடிக்கடி பழுதுற்று, நெடுநாள் நிலைக்கவில்லை. ஊரின் நிலத்தை அறியாமல் வாங்கிய ஊர்தி எத்துணை விலையுயர்ந்ததாயினும் அது பிறர் அளவுக்குத் தைத்த சட்டையே.

மேடையும் தளமும் ஒரே உயரம் என்று வைத்துவிட்டால் மட்டும் போதுமோ எனின், போதாது. இரண்டுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் குழந்தையின் காலும் சக்கர நாற்காலியின் முன்னுருளையும் அதில் இறங்கிவிடும். இதற்கு ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு வழி கண்டது. குரிட்டிபாவின் பலகை மேலே கூறப்பட்டது. ஆத்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 12 கி.மீ. தடத்தில், பேருந்தின் முன்னுருளைகளுக்குப் பக்கத்தில் சிறிய வழிகாட்டு உருளைகள் உள்ளன. அவை தடத்தின் இருபுறக் கல்விளிம்பையும் தொட்டுச் செல்வதால், திருகுவட்டைப் பிடிக்காமலேயே ஊர்தி நேரே செல்லும். பிரான்சு நாட்டின் உரூவான் நகரத்தில் 2001ஆம் ஆண்டு முதல், சாலையில் தீட்டிய கோடுகளைப் படக்கருவி ஒன்று படித்துப் பேருந்தை மேடையோரம் நெருங்க வைத்து நிறுத்துகின்றது. வேறு பல ஊர்களில், உள்வளைந்த கல்விளிம்பை அமைத்து, உருளை அதனைத் தொட்டுத் தானே ஒதுங்கிக்கொள்ளுமாறு செய்துள்ளனர். வழி எதுவாயினும் ஆகுக. இடைவெளியை மூடுவது ஓட்டுநரின் கைத்திறன் ஒன்றையே நம்பி விடப்படலாகாது. அது வடிவமைப்பிலேயே இருத்தல் வேண்டும்.

இந்திய நகரங்களின் பட்டறிவு இரண்டை ஒப்புநோக்கினால் இக்கருத்து இன்னும் தெளிவாகும். தில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்து வரை 5.8 கி.மீ. நீளமுள்ள தடம் 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அத்தடத்திற்கெனத் தனி ஊர்தி வகுக்கப்படவில்லை. நகரில் ஓடிக்கொண்டிருந்த பலவகைப் பேருந்துகளும் எப்படி இருந்தனவோ அப்படியே அதனுள் விடப்பட்டன. வாயில் இடப்பக்கத்திலேயே இருந்தது. சீட்டும் உள்ளேயே கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு பேருந்தும் நின்று ஏற்றி இறக்கும் நேரம் குறையவில்லை. நாற்சந்திகளுக்கருகே அமைந்த நிறுத்தங்களில் அவை வரிசையாகத் தேங்கின. அத்தடம் சாய்ந்தமைக்கு ஊர்தி ஒன்றே கரணியம் அன்று. சந்திகளில் விளக்குகள் மாற ஆன நெடுநேரமும், மகிழுந்தாளரின் ஓயாத எதிர்ப்பும், காவலின் தளர்ச்சியும் சேர்ந்தன. ஆயினும், பேருந்தில் செல்வோர் கண்ணுக்குத் தெரிந்த பெரும்பயனைப் பெற்றிருப்பின், அத்தடத்தின் பொருட்டுப் பேசுவோர் இன்னும் பலர் இருந்திருப்பர். 2015ஆம் ஆண்டு அதனை அகற்றுவதென முடிவாகி, அடுத்த ஆண்டு அது பெயர்த்தெறியப்பட்டது.

குசராத்து மாநிலத்து அகமதாபாது நகரில் 2009ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்கள் 14ஆம் நாள் முதல் 12.5 கி.மீ. தடம் திறக்கப்பட்டது. மக்கள் வழி என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். அங்கோ சாலை நடுவே மூடிய நிலையங்கள், நிலையத்திலேயே சீட்டு, மேடைக்கும் ஊர்தித் தளத்திற்கும் ஒரே உயரமாக 90 செ.மீ.; சாலையின் நடுவில் மேடை இருத்தலின், ஊர்தியின் வலப்பக்கத்தில் வாயில். தடம், நிலையம், ஊர்தி மூன்றையும் ஒரே கையெழுத்தில் எழுதினர். ஆகவே தான் அது நிலைத்தது. பின்னர்ப் பல மடங்கு நீண்டது. அங்கும் குறைகள் உண்டு. சாலையைக் கடந்து நடுமேடைக்குச் செல்வதே முதியோர்க்குப் பெரும்பாடு. ஆயினும், தில்லியில் தடம் வந்து ஊர்தி வராதிருந்தது. அகமதாபாதில் இரண்டும் கைகோத்து வந்தன. வேற்றுமையின் வேர் அதுவே.

இனி, தளத்தின் உயரம் என்னும் செய்தியைச் சற்று ஆழ்ந்து காணல் வேண்டும். இந்தியத் துணைக்கண்டத்துப் பேருந்துகள் நெடுங்காலம் சரக்குந்தின் அடிச்சட்டத்தின்மேல் கூடு கட்டியே செய்யப்பட்டு வந்தன. மூட்டைக்கென வகுத்த சட்டத்தின்மேல் மாந்தரை ஏற்றினர்! தளம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது, படிகள் செங்குத்தாயின, பொறி ஓட்டுநர்க்கருகே அமர்ந்து அனலையும் இரைச்சலையும் உள்ளே கக்கியது. 2008ஆம் ஆண்டு நடுவணரசு நகரப் பேருந்துகளுக்கென ஒரு வரையறை வகுத்து, 40, 65, 90 செ.மீ. எனத் தளவுயரங்களை அறுதியிட்டது. அதன் பின்னரே, நகரப் பேருந்து என்பது சரக்குந்தின் தம்பி அன்று, அது தனியோர் இனம் என்னும் எண்ணம் அரசு ஏடுகளில் இடம்பெற்றது.

இவற்றுள் 40 செ.மீ. தளம் தெருவோரத்து நடைமேடையினின்று ஏறத் தக்கது. ஆனால் பொறியைப் பின்னுக்குத் தள்ளவேண்டும், உருளைகளின் கவிப்பு உள்ளே புடைத்து இருக்கைகளின் இடத்தைக் கொள்ளும். 90 செ.மீ. தளம் உள்ளே மேடுபள்ளமின்றி ஒரே மட்டமாய் அமையும். ஆனால் அதற்கேற்ற உயர்மேடை இல்லாத இடத்தில் அவ்வூர்தியால் நிற்கவே இயலாது. அன்றிப் படிகளும் மறுபக்க வாயிலும் தனியே வேண்டும். எது சிறந்தது என்பதன்று வினா. எதை ஏற்றாலும், மேடை கட்டிய பிறகு முப்பதாண்டுக்கு அதனை மாற்ற முடியாது என்பதே உண்மை. ஊர்தி தேயும், புதியது வாங்கலாம். மேடையோ கல்லும் கலவையுமாய் நின்றுவிடும். ஆகவே, முதலில் முடிவு செய்ய வேண்டியது அவ்வோர் எண்.

சென்னைக்கு விரைவுப் பேருந்துத் தடம் பற்றிய திட்டங்கள் பலமுறை பேசப்பட்டன. தாளில் வரையவும் பட்டன. தெருவில் ஓடும் தடம் எழவில்லை. ஆயினும் ஊர்தி மாறத் தொடங்கியுள்ளது. 2024ஆம் ஆண்டு சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின. 2025ஆம் ஆண்டு தாழ்தள மின்பேருந்துகளும் சேர்ந்தன. நின்றவிடத்தில் ஒருபக்கம் சாய்ந்து தாழ்ந்து கொடுப்பதும், சக்கர நாற்காலிக்குச் சாய்பலகை விரிப்பதும் இவ்வூர்திகளின் சிறப்பு. இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால், பேருந்து நடுச்சாலையில் நின்று, பயணியர் நடைமேடையினின்று இறங்கி ஓடிச் சென்று ஏறுவதாயின், தாழ்தளத்தின் பயன் பாதிக்கு மேல் வீணாகும். ஓரத்தில் தானிகளும் ஈருருளைகளும் நிறுத்தப்பட்டிருப்பின், எத்துணை நல்ல ஓட்டுநரும் மேடையை ஒட்டி நிறுத்த முடியாது. சாய்பலகை விரிந்து விழுவது சேற்றிலாயின், சக்கர நாற்காலி ஏறுவதெங்கே? ஊர்தியைத் தாழ்த்திய கை, நிறுத்தத்தையும் உயர்த்தியிருக்க வேண்டாவோ?

வேகத்தடை என்று ஊர்தோறும் கொட்டி வைத்துள்ள மேடுகளும் இதில் சேரும். இந்தியச் சாலைப் பேரவையின் நெறிப்படி அம்மேடு 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உடையதாய், மெல்லென ஏறி மெல்லென இறங்குவதாய் இருத்தல் வேண்டும். தெருவில் காணப்படுபவையோ பல இடங்களில் குறுகிச் செங்குத்தாய் எழுந்த கரைகள். தாழ்தள ஊர்தியின் வயிறு அவற்றில் உரசும். உடனே, தாழ்தளப் பேருந்து இந்நாட்டுக்கு ஒத்துவராது என்று தீர்ப்புக் கூறுவர். ஒத்துவராதது பேருந்தோ, நெறிதவறிய மேடோ என்று எண்ணிப் பார்த்துக் கூறுதல் நன்று.

இவையெல்லாம் பொறியாளர்க்கு உரிய நுணுக்கங்கள், பொதுமக்களுக்கு இவற்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். ஒரு படியின் உயரம் என்பது ஒரு மாந்தரின் உரிமையின் அளவு. வலுத்த கால் உடையவனுக்கு நாற்பது செ.மீ. படி ஒரு பொருட்டன்று. மூட்டுவலியுற்ற மூதாட்டிக்கு அது மதில். தலையில் கூடையும் கையில் பிள்ளையுமாகச் சந்தைக்குச் செல்லும் பெண்ணுக்கு அது அன்றாடப் போர். சக்கர நாற்காலியில் இருப்பவர்க்கோ அப்படி என்பது, நீ இந்நகரத்தவன் அல்லன் என்று எழுதிவைத்த பலகை. தமிழகத்தில் 2021ஆம் ஆண்டு முதல் பொதுக்கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. கட்டணத் தடையை எடுத்த அரசு, படி என்னும் தடையையும் எடுத்தால்தான் அவ்வறம் நிறைவெய்தும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டு வந்தது. பொதுப் போக்குவரத்து அனைவர்க்கும் அணுகத்தக்கதாய் இருக்க வேண்டும் என்பது அதன் கூற்று. அதனை இரக்கத்தின் பெயரால் அளிக்கும் கொடையாகக் கருதுவது பிழை. ஒருவர் ஏறுவதற்கென வகுத்த எளிய வாயில், நூற்றுவர் விரைந்து ஏறும் வாயிலுமாகும் என்பதை மேலே கண்ட கணக்கே காட்டும். அறமும் விரைவும் இங்கே ஒரே கதவில் நிற்கின்றன.

ஊர்தியின் உள்ளமைப்பிலும் கருதத்தக்கவை உள. குறுந்தொலைவுக்குச் செல்வோர் மிகுந்த தடத்தில் இருக்கைகளை நெருக்கி நிரப்புவது ஏற்றத்தையும் இறக்கத்தையும் தடுக்கும். வாயில்களுக்கு நேரே அகன்ற வெற்றிடம் வேண்டும். பிடிகம்பிகள் நெடியவர்க்கு மட்டுமன்றிக் குறியவர்க்கும் எட்ட வேண்டும். வெயில் கொளுத்தும் நாடுகளில், குளிரூட்டி பழுதானால் திறந்துகொள்ளத்தக்க பலகணிகள் வேண்டும். குளிர்நாட்டுப் படத்தைப் பார்த்து முற்றும் மூடிய கண்ணாடிக் கூடு செய்துவிடலாகாது. மின்பேருந்துகளில் மின்கலத்தை எங்கே வைப்பது என்பதும் தளத்தோடு தொடர்புடையதே. அடியில் வைத்தால் தளம் உயரும். கூரைமேல் வைத்தால் எடை மேலே ஏறி வளைவுகளில் ஊர்தி அசையும். ஆகவே மின்மயம் ஆக்குவதும் தனியான முடிவன்று. அதுவும் மேடையோடு சேர்த்து எடுக்க வேண்டிய முடிவே.

இவ்வமைப்பில் மொழிக்கும் இடமுண்டு. பேருந்தின் நெற்றியில் எழுதும் ஊர்ப்பெயரும், உள்ளே ஒலிக்கும் நிறுத்த அறிவிப்பும் ஊர்தியின் உறுப்புகளே. அழகுக்குச் சேர்க்கும் அணிகள் அல்ல. தமிழகப் பேருந்துகளில் பெயர்ப்பலகை தமிழில் அமைவது நல்ல மரபு. ஆயின் ஒளிப்புள்ளிப் பலகைகள் பிறமொழி எழுத்தின் அளவுக்கு வாங்கப்படுமாயின், வரிசைகள் போதாமல் ணகரத்தின் சுழியும் னகரத்தின் சுழியும் ஒன்றாகிக் கலங்கும்; மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தே போகும். தொலைவிலிருந்து படித்தறிய முடியாத பலகை இருந்தும் இல்லாததே. எழுத்தறியாதவர்க்கும் கண்பார்வை அற்றவர்க்கும் அறிவிப்பொலியே வழிகாட்டி. அது அவர் தாய்மொழியில், தெளிந்த ஒலிப்பில், நிறுத்தம் வருவதற்கு முன்னரே ஒலித்தல் வேண்டும். தமிழெழுத்துக்கு எத்தனை புள்ளி வரிசை வேண்டும் என்பதும் வாயிலின் அகலத்தைப் போலவே ஒப்பந்தத் தாளில் எழுதப்பட வேண்டிய அளவாகும்.

இத்தகைய ஊர்தி செல்வ நாடுகளுக்கே ஏற்றது, ஏழை நாட்டுக்கு ஆகாது என்பாரும் உளர். வரலாறு அதற்கு நேர்மாறானது. குரிட்டிபா இவ்வமைப்பைக் கண்டது செல்வம் இருந்ததனால் அன்று, இல்லாமையால். நிலத்தடியில் ஒரு கிலோமீட்டர் தோண்டும் செலவில் நிலத்தின்மேல் பல கிலோமீட்டர் தடமும் நிலையமும் ஊர்தியும் அமையும் என்பதே அதன் வலிமை. மற்றொரு தடையும் கூறுவர்: மக்கள் ஒழுங்காக வரிசையில் நிற்க மாட்டார், ஆகவே எந்த அமைப்பும் பயன்படாது என்று. ஒரே குறுகிய கதவும், எப்போது வருமென்று தெரியாத பேருந்தும், வந்தாலும் நிற்குமோ நில்லாதோ என்னும் ஐயமும் சேர்ந்தால், எந்நாட்டவரும் முண்டியடிக்கவே செய்வர். நான்கு கதவுகள் குறித்த இடத்தில் வந்து திறக்குமென்று அறிந்தால், அவ்விடத்தில் மக்கள் தாமே வரிசையாக நிற்பர். ஒழுங்கின்மை பிறவிக் குணமன்று. அது குறுகிய கதவு பெற்ற பிள்ளை.

ஆகவே, எந்த நகரத்திலாயினும் விரைவுப் பேருந்துத் தடம் பற்றிப் பேசுமுன், வரிசை முறையாகச் செய்ய வேண்டியவை சில உள. முதலில் மேடையின் உயரத்தை முடிவு செய்க. அடுத்து, மேடை சாலையின் நடுவிலா ஓரத்திலா என்று முடிவு செய்து, அதனால் வாயில் எப்பக்கம் என்பதை அறுதியிடுக. அதன்பின், வருவோர் தொகையைக் கணக்கிட்டு, வாயில்கள் எத்தனை, ஒவ்வொன்றின் அகலம் எவ்வளவு என்று எழுதுக. இடைவெளியை மூடும் வழியைக் குறிக்க. ஒருவருக்கு எத்துணை இடம் என்பதைக் கூறிய பின்னரே கொள்ளளவைக் கூறுக. இவ்வளவும் முடிந்த பிறகு பொறியைப் பற்றியும் விலையைப் பற்றியும் பேசலாம். இன்று நடப்பதோ இதன் தலைகீழ்: முதலில் விலை, பின்பு பொறி, பின்பு வண்ணம், திறப்பு விழா, கடைசியில், ஏற முடியாமல் நிற்கும் மக்கள்.

இம்முடிவுகளைப் பேருந்தில் ஏறி அறியாதவர் மட்டும் கூடி எடுத்தலும் முறையன்று. வரைவு ஊர்தி ஒன்றைச் செய்து, அதனை நடுத்தெருவில் நிறுத்தி, மூதாட்டியை ஏற்றிப் பார்க்க. கைக்குழந்தையோடு ஒரு தாயை ஏற்றிப் பார்க்க. சக்கர நாற்காலியை ஏற்றிப் பார்க்க. கண்பார்வையற்றவரை ஏற்றிப் பார்க்க. நாள்முழுதும் ஓட்டப்போகும் ஓட்டுநரை அமர்த்திப் பார்க்க. அவர்கள் சொல்லும் குறைகளே அவ்வூர்திக்கு உரிய சான்றிதழ். மரத்தாலும் பலகையாலும் ஒரு மாதிரிக் கூடு செய்து ஏறி இறங்கிப் பார்க்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கேட்கும் செவி வேண்டும்.

பேருந்து ஓடும்போது எல்லாரும் பயணியரே. அது நிற்கும்போதுதான், யார் ஏற முடியும், யார் ஏற முடியாது என்பது தெரியவரும். நிற்கும் அந்தச் சில நொடிகளை எவ்வாறு வகுக்கின்றது என்பதைக் கொண்டே ஓர் அரசு தன் மக்களை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அளந்துவிடலாம். படியைத் தாழ்த்துக, வாயிலை விரிக்க, மேடையைத் தளத்தோடு சேர்க்க. விரைவு தானே வரும்.